இன்னொரு காது

இந்த மண்டைய ஒத்தக் கையால நசுக்கிப்புடலாம். உச்சியில இன்னும் எலும்பு கூடல, என் கட்டைவிரலுக்கு அடியில துடிச்சுக்கிட்டு கெடக்கு, கொஞ்சம் அமுக்குனா உள்ள போயிரும், அம்புட்டுதான் சோலி. சீ, என்ன நெனைப்புடா இது, எதுக்க நின்னு கூடப்பொறந்தவ போன்ல படம் பிடிக்கிறா, அண்ணே இங்க பாருண்ணே, கொஞ்சம் சிரிண்ணேங்கிறா, நான் அவ பிள்ளை மண்டை எப்பிடி ஒடையும்னு யோசிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். யோசிக்கல, அதுவா வருது. கிணத்து மேட்டுல நின்னா குதிச்சிருவோமான்னு வருமே, அப்பிடி. தீயணைப்புல சேந்த நாள்லருந்து ஒடைஞ்ச மண்டையாப் பாத்தாச்சு, லாரிச் சக்கரத்துக்கு அடியில, வெடிச்ச ஷெட்டுக்குள்ள, கிணத்துப் படிக்கட்டுல, அதனால நல்ல மண்டையப் பாத்தாலும் அது எந்த இடத்துல பொளக்கும்னு கண்ணுக்குத் தெரியுது. இத யாருகிட்டச் சொல்ல. மணைப் பலகையில சம்மணம் போட்டு ஒக்கார வச்சிருக்காக என்னய, பட்டுவேட்டி வெறைப்பா தொடையில குத்துது, மடியில மிதுனா, என் தங்கச்சி மாரீஸ்வரி பெத்தது, இன்னும் ஒரு வயசு ஆகல, என் தோள்ல கெடக்குற துண்டு நுனியப் பிடிச்சு வாய்க்குள்ள தள்ளிக்கிட்டிருக்கா. தாய்மாமன் மடியில வச்சு மொதல் மொட்டை, அதே மடியில வச்சுக் காதுகுத்து, அப்பறம் கருப்பனுக்குக் கெடா. இவளுக்கு வேற மாமன் கெடையாது, நான் ஒருத்தன்தான். வரமாட்டேன்னுதான் சொன்னேன். ஒண்ணுமறியாத பிள்ளையப் பிடிச்சு அழுக விடுறதுக்கு நான் மடி குடுக்க மாட்டேன்னேன். அப்பன்னா எம்பிள்ளைக்குக் காதே குத்த வேணாம்ணேன்னு மாரி அழுதா. தங்கச்சி அழுதா தாங்காது எனக்கு, வந்து ஒக்காந்துட்டேன். கருப்பன் கோயில் முன்னால ஒக்காந்திருக்கோம், சுத்திக் கரிசக்காடு, வேலிமரத்துல வெயிலு எரியுது, மொட்டை போடுறவரு கத்தியில புது பிளேடு மாட்டுறாரு, அது மின்னுறது என் கண்ணுல படுது, இவ கண்ணுலயும் பட்டிருக்கும்போல, கைய நீட்டுறா, அத வாங்கித் திங்கணுமாம் இவளுக்கு.

ஈஸ்வரி அந்தா நிக்கிறா, என் பொண்டாட்டி சங்கரேஸ்வரி, சீர்த்தட்டத்தக் கையில வச்சுக்கிட்டு. தட்டத்துல பிள்ளைக்குத் தங்கத்தோடு, பாவாடை சட்டை, ஆப்பிள், வாழைப்பழம். என்னயப் பாக்கல. காலையில வேன்ல வாரப்ப சொன்னதுலருந்து பாக்கல. பின்னாடி சீட்டுல ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தோம், முன்னாடி பூராம் பாட்டுச் சத்தம், அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே சொல்றா, எனக்கு ஒரு பிள்ளை வேணுங்க. அப்பறம் சொல்றா, மாட்டேன்னா இன்னைக்கே சொல்லிருங்க, இங்கருந்து நேரா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், சண்டையெல்லாம் கெடையாது, போயிருவேன். சண்டை போட்டாலும் பரவால்ல. சண்டைன்னா அடுத்த நாள் சாம்பார்ல உப்பு கூடும், அம்புட்டுதான். இது சண்டை இல்ல. இவ போயிருவா. சொன்னாச் செய்யிறவ. பொண்ணு பாக்கப் போனப்பவே தனியா கூப்பிட்டுச் சொன்னேன், இந்தா பாருங்க, எனக்குப் பிள்ளை பெத்துக்கிறதுல சம்மதம் இல்ல, ஒடம்புல ஒரு கொறையும் இல்ல, பெத்துக்க மாட்டேன், யோசிச்சுக்கங்கன்னு. யோசிக்காமச் சரின்னா. ஏன் சரின்னான்னு நானும் கேக்கல. வயசு போயிருச்சு, வீட்டுல பேச்சு வாங்கிச் சலிச்சிருப்பா, ஒரு கதவு தொறந்தாப் போதும்னு வந்திருப்பா. இப்ப மாரி பிள்ளையத் தூக்கித் தூக்கி ஆசை வந்திருச்சு. ஈஸ்வரி காலண்டர் ஆபீஸ்ல பைண்டிங் வேலை பாக்குறா, வெயில் காலத்துலயே அடுத்த வருசத் தேதிய அடுக்கி ஒட்டிக்கிட்டிருப்பா, வீட்டுக்கு வந்தா வெரல்ல பசை நாறும். அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசம், யாருக்குடி இதெல்லாம்னு ஒரு தடவை கேட்டேன். வாங்குறவகளுக்குன்னா. அவ போயிட்டா வீட்டுல என்ன இருக்கும். என் யூனிஃபார்ம் இருக்கும், பசை நாத்தம் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

ஆனா நான் சொல்றதுல என்ன தப்பு, யாராச்சும் ஒருத்தன் சொல்லட்டும். நான் யாரையும் கொல்லச் சொல்லல. தூக்குல தொங்கச் சொல்லல. இருக்கிறவுக இருங்க, நல்லாத் தின்னுட்டு இருங்க, புதுசா யாரையும் இங்க கொண்டாராதீகன்னுதானே சொல்றேன். ஸ்டேஷன்ல கூட வேலை பாக்குற அந்தோணிச்சாமி ஒரு நாள் போன்ல காட்டுனான், வெளிநாட்டுல இதயே ஒரு கூட்டம் சொல்லுதாம், மனுச இனம் தானா விரும்பி நின்னுக்கிறட்டும், பூமி பொழைச்சுப் போகட்டும்னு. பாருய்யா, ஒன்னைய மாதிரி கிறுக்கன் அங்கயும் இருக்கான்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. பூமி பொழைக்குதோ நாசமாப் போகுதோ, அது எனக்கு ரெண்டாவது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எல்லாரும் பேசி ஒத்துக்கிட்டு நிறுத்திட்டா அது யாருக்குக் கெட்டது? பொறக்காதவனுக்குக் கெட்டதா? அவன்தான் இல்லையே. இல்லாதவனுக்கு ஏது நட்டம். செத்தவனுக்குக் கெட்டதா? அவனும் இல்ல. அப்ப யாருக்கு? இத இன்னைக்கு வேன்லயும் சொன்னேன், மெதுவாத்தான் சொன்னேன். ஈஸ்வரி சன்னல விட்டுத் திரும்புனா. எல்லாரும் நிறுத்திட்டாக, சரி, கடைசியா ஒருத்தி இருப்பால்ல, கடைசியாப் பொறந்தவ, அவ கெழவியாகிப் படுத்துக் கெடப்பாள்ல, அவ வாயில யாரு தண்ணி ஊத்துவான்னா. யாரைக் கேட்டுப் பெத்தாகன்னு சொல்லிக்கிட்டே இருக்கீகளே, அவளக் கடைசியா விட்டுட்டுப் போறதுக்கு அவகிட்டக் கேட்டீகளான்னா. எனக்கு வந்துச்சே கோவம். வாய மூடுறியான்னேன். முன்னாடி பாட்டு நின்னு எல்லாரும் திரும்பிப் பாத்தாக. அதுலருந்து அந்தக் கெழவி என் மண்டைக்குள்ள படுத்துக்கிட்டா. ஆளில்லாத ஊரு, எல்லாக் கதவும் தொறந்து கெடக்கு, நாய் உள்ள போய்ட்டு வெளிய வருது, ஒரு கட்டில்ல அவ, நாக்கு வறண்டு ஒட்டிக் கெடக்கு. எவ அவ. இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள என்னயத் தொந்தரவு பண்றா. ஏதாச்சும் மாத்திரை வச்சுக்கிறட்டும் அவ, தானே முடிச்சுக்கிறட்டும். பாத்தியா, கொல்லச் சொல்லலன்னு சொன்ன வாயி இது, கடைசியில கொண்டுபோய் அங்கதான நிறுத்துது.

மொட்டை போடுறவரு மிதுனா மண்டையில தண்ணி தடவுறாரு, குளிந்த தண்ணி, இவ ஒடம்பு ஒரு குலுக்குக் குலுக்கிருச்சு, தோளெல்லாம் நடுங்கிப்போச்சு. அதே நேரத்துல கருப்பன் பீடத்துப் பக்கம் கொலவை. திரும்பிப் பாத்தா கெடா மேல தண்ணி ஊத்துறாக. செவலைக் கெடா, கழுத்துல மாலை, மாலையில ஒரு பூவ அதுவே இழுத்துத் தின்னுக்கிட்டு நிக்குது. தண்ணி ஊத்துனா அது ஒடம்ப ஒதறணும், துலுக்கணும், துலுக்குனாத்தான் வெட்டலாம், கருப்பன் உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம், கெடாவும் சம்மதிச்சிருச்சுன்னு அர்த்தம். என்ன நாயம்டா இது. குளிந்த தண்ணிய எது மேல ஊத்துனாலும் ஒதறும். என் மேல ஊத்துனா நானுந்தான் ஒதறுவேன், அதுக்காக வெட்டிருவியா. மொதச் செம்புக்குத் துலுக்கல அது. பூ தின்னுச்சு. ரெண்டாவது செம்பு காதுக்குள்ள ஊத்துனாக. மாப்ள, மாரி புருசன் வேல்ச்சாமி, கையக் கட்டிக்கிட்டு மொகம் வெளிறிப்போய் நிக்கிறான், துலுக்காட்டிக் குத்தம்னு ஆகிப்போகுமே, பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லிருவாகளேன்னு அவன் பயம் அவனுக்கு. மூணாவது செம்புக்குச் சிலுத்துச்சு பாரு, தண்ணி தெறிச்சுது, துலுக்கிருச்சு துலுக்கிருச்சுன்னு ஒரே கூச்சல், அருவா எறங்கிருச்சு. ஒரே வெட்டு. தல விழுந்த பெறகும் வாயி மெல்லுது, அந்தப் பூவ மெல்லுது. ஒடம்பு காலு காலா ஒதைக்குது, ரத்தம் மணல்ல குமிழி விட்டு உள்ள எறங்குது. எனக்கு அது ஒண்ணும் பண்ணல, நான் பாக்காத ரத்தமா. என் மடியில கெடக்குறவ துலுக்குனாளே, அதுதான் பண்ணுது. இவ சம்மதம் குடுத்துட்டாளா. எல்லாத்துக்கும் சம்மதம்னு எழுதிக்கிட்டாகளா. கத்தி மண்டையில படுது, சரக்குன்னு ஒரு கொத்து முடி என் வேட்டியில விழுது. வயித்துல இருந்தப்பவே மொளைச்ச முடி. இவ அழல, மேல பாக்குறா என்னய, நான் இருக்கேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறா. நெனைக்காத தாயி. என்னய நம்பாத.

ஆட்டுமந்தை மாதிரி எல்லாரும் பெத்துப் போடுறாக, பெத்ததக் கொண்டுபோய் எங்க விடுறாக. அந்த வெடிச்ச ஷெட்டு நெனைப்பு வேணாம்னு பாக்குறேன், கத்தி வழிக்கிற சத்தத்துல அதுவே வருது. பட்டாசு ஆலை, மருந்து ஒராஞ்சு தீப்பிடிச்சிருச்சு, நாங்க வண்டியக் கொண்டுபோய் நிறுத்துறப்ப கூரையே இல்ல, செவுரு நாலு பக்கமும் சாஞ்சு பூ மாதிரி விரிஞ்சு கெடக்கு. வெடி இன்னும் ஒண்ணொண்ணா வெடிச்சுக்கிட்டிருக்கு. வேப்பமரத்துக் கெளையில ஒரு சீலை தொங்குது, சீலைன்னு நெனைச்சேன், சீலை மட்டும் இல்ல. தண்ணித் தொட்டிக்குள்ள ஒருத்தி ஒக்காந்திருந்தா. எரிஞ்சுக்கிட்டே ஓடி வந்து குதிச்சிருக்கா. தூக்குறதுக்குக் கையப் பிடிச்சேன், கையொறை கழண்டு வர்ற மாதிரி தோலு என் கையோட வந்திருச்சு. வலி தெரியல அவளுக்கு, அம்புட்டு வெந்துட்டா வலி தெரியாது, தெளிவாப் பேசுனா. சார், மணி என்னாச்சுன்னா. நான் என்னமோ சொன்னேன். எம்பிள்ளைய பள்ளிக்கூடத்துலருந்து யாராச்சும் கூட்டிட்டுப் போயிட்டாகளான்னா. போயிட்டாகம்மான்னேன். எனக்கெங்க தெரியும். யாரு போனாகன்னா. நான் பதில் சொல்றதுக்குள்ள போயிட்டா. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கையச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே முடிவு பண்ணேன், போதும்டா சாமி, எவனும் இனிமே வர வேணாம், வந்தவுக போய்த் தொலைங்க, பள்ளிக்கூடத்துக் கேட்டு வாசல்ல பையத் தூக்கிக்கிட்டு நிக்க ஒரு பிள்ளை வேணாம், வெந்துக்கிட்டே மணி கேக்க ஒரு ஆத்தா வேணாம். யாருமில்லாத ஊரு எவ்வளவு சுத்தமா இருக்கும். மழை பேயும், ஓடை ஓடும், கரிசமண்ணு வெடிக்கும், மறுபடி மூடும், ஒரு கத்தல் இருக்காது. அந்த நெனைப்புலதான் எனக்குத் தூக்கம் வரும். மத்தவுக சாமிய நெனைச்சுத் தூங்குவாக, நான் ஆளில்லாத ஊர நெனைச்சுத் தூங்குவேன். ஆனா ஒண்ணு, தொட்டிக்குள்ள வெந்து கெடந்தவ தன்னய எதுக்குப் பெத்தாகன்னு கேக்கல. நான் எதுக்குப் பெத்தேன்னும் கேக்கல. யாரு கூட்டிட்டுப் போனாகன்னுதான் கேட்டா. இத நான் இம்புட்டு நாளா யோசிக்காம எப்பிடி இருந்தேன்னு தெரியல.

மொட்டை முடிஞ்சிருச்சு, சந்தனம் அப்பியாச்சு, இப்ப ஆசாரி எதுக்க வந்து குத்துக்காலிட்டு ஒக்காந்துட்டாரு. வெத்தல வாயி, கைநடுக்கம் ஒண்ணுமில்ல. காதுல செவப்பு மையால ஒரு புள்ளி வச்சாரு, தங்கக் கம்பிய மஞ்சத்தண்ணியில முக்குனாரு. மாமன்காரரே, தலைய நெஞ்சோட அணைச்சு இறுக்கிப் பிடிங்க, கை ரெண்டையும் கக்கத்துல குடுத்துக்கங்க, அசையக்கூடாதுன்னாரு. சரின்னேன். வாய்தான் சரின்னுச்சு. இவ கன்னத்துல கை வச்சேன். இறுக்க வரல. கை மறுத்துருச்சு. நான் எதுக்கு இறுக்கணும், இவளக் குத்துறது ஆசாரி, குத்தச் சொன்னது மாரி, இதுல என் பலமும் சேரணுமா, நான் சும்மா மடி மட்டுந்தான், சீட்டு மாதிரி. வலிக்கிறப்ப திமிற ஒரு இடமாச்சும் இருக்கட்டும் இவளுக்கு. வேணாம்னு சொல்ல வாயில்ல, தலைய ஆட்டியாச்சும் சொல்லட்டும். அந்த ஒரு உரிமைய நான் குடுக்கிறேன், மத்த எவனும் குடுக்கல. அப்பிடி நெனைச்சுக்கிட்டுப் பூப் பிடிக்கிற மாதிரி பிடிச்சேன். ஆசாரி மந்திரம் என்னமோ முணுமுணுத்துக் குத்துனாரு. இவ உலுப்புனா பாரு தலைய. கம்பி புள்ளிய விட்டு எறங்கி மடலோரத்தக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருச்சு. ரத்தம் கழுத்து வழியா என் முழங்கை வரைக்கும் ஓடுது, சந்தனத்துல கலந்து. மாரி கையில இருந்த போனு கீழ விழுந்துச்சு. ஆசாரி சட்டுன்னு தலைய அவரே நெரிச்சுப் பிடிச்சு மறுபடி புள்ளியில குத்தித் தோடு மாட்டித் திருகிட்டுத்தான் நிமிந்தாரு. நிமிந்தவரு என்னயப் பாத்த பார்வை இருக்கே. பாவம் பாத்து லேசாப் பிடிச்சீராக்கும், ஒரு குத்துல முடிய வேண்டியது, ரெண்டு குத்து வாங்கியிருக்கு பிள்ளை, உம்ம பாவத்தக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் வையும்யான்னாரு. அவரு சொன்னது நாயம்.

இவ கத்துறா, ஒரு கத்து, ரெண்டு கத்து, மூணாவதுக்கு வாயத் தொறந்தா, சத்தம் வரல. வாயி தொறந்தே இருக்கு, கண்ணு என் மேலயே இருக்கு, சத்தம் வரல. வரும்னு பாக்குறேன். வரல. ஒதடு நீலம் பாயுது. மொகம் கறுக்குது. வெறைச்ச ஒடம்பு அப்பிடியே தொவண்டு என் கை மேல சாயுது. அழுது மூச்சப் பிடிச்சிருச்சுன்னு யாரோ கத்துறாக, தண்ணி கொண்டாங்கடின்னு யாரோ ஓடுறாக, மாரி மண்ணுல விழுந்து கெடக்கா. நான் தீயணைப்புக்காரன். எத்தனை பேருக்கு நெஞ்ச அமுக்கி மூச்சு குடுத்திருக்கேன். ஒண்ணும் நெனைப்பு வரல. கை என்னுது இல்ல. சத்தம் பூராம் நின்னுபோச்சு எனக்கு, கொலவை இல்ல, கொட்டு இல்ல, வேலிமரத்துல ஒரு காக்கா, பீடத்துக்கிட்ட ஈ மொய்க்கிற சத்தம், காத்துல பனையோல தட்டுற சத்தம். இதுதான அது. நான் ராவெல்லாம் நெனைச்சுத் தூங்குன ஊரு இதுதான, கத்தல் இல்லாத ஊரு, இந்தா வந்திருச்சு, எடுத்துக்கோ. யாருக்குக் கெட்டதுன்னு கேட்டியே, இப்பக் கேளு. அடேய், எனக்குடா. எனக்குக் கெட்டது. இவளுக்கு ஒண்ணுமில்ல, இவ போயிருவா, இவளுக்கு நட்டமே இல்ல, கணக்கு சரியாத்தான் இருக்கு, நான் சொன்ன மாதிரியேதான் இருக்கு, நான்தான் செத்துருவேன். இவ மூஞ்சியில ஊதுறேன், உள்ளங்கால்ல அடிக்கிறேன், அழுவு தாயி, அழுவுடி, அழுவுடி நாயே, கத்துடின்னு நான் கத்துறேன், அடிக்கிறேன், காலு செவக்குற அளவுக்கு அடிக்கிறேன். இந்த ஒலகத்துல ஒரு பிள்ளை அழக்கூடாதுன்னு சொன்னவன் அழுவுன்னு கெஞ்சிக்கிட்டு அடிக்கிறேன். ஈஸ்வரி சீர்த்தட்டத்தப் போட்டுட்டு ஓடி வந்தா, ஆப்பிள் உருண்டு ரத்தத்துல போகுது, செம்புத் தண்ணிய இவ மொகத்துல சளார்னு அடிச்சா. ஒரு நெடு மூச்சு. உள்ள இழுத்துச்சு. இழுத்து, நின்னு, அப்பறம் விட்டா ஒரு கத்து, கருப்பன் கோயில் மணியே அதிர்ந்திருக்கும். இம்புட்டு நல்ல சத்தத்த என் சென்மத்துல கேட்டதில்ல.

எல்லாரும் சுத்தி நின்னு பேசுறாக. நெறைய பிள்ளைகளுக்கு இப்பிடி ஆகும், அழுதுக்கிட்டே மூச்சு போகும், தானா வந்துரும்னு ஆசாரி சொல்றாரு, மூச்சு வாங்குது அவருக்கும். மாரி பிள்ளையத் தொடப் பயந்துக்கிட்டு என் காலடியில ஒக்காந்திருக்கா. வேல்ச்சாமி வாயத் தொடைச்சுக்கிட்டே, மச்சான், பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்ல மச்சான், ஒண்ணும் இல்லல்லன்னு ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேக்குறான். ஒண்ணும் இல்ல மாப்ளன்னேன். மிதுனா தேம்பிக்கிட்டிருந்தவ தேம்பல நிறுத்திட்டு என் துண்டு நுனியத் தேடிப் பிடிச்சு வாயில வச்சுட்டா. கண்ணுல தண்ணி காயல, காதுல ரத்தம் காயல, அதுக்குள்ள அந்தா போற கோழியப் பாக்குறா, அது பின்னாடியே தலையத் திருப்புறா. மறந்துட்டா. இவ காலப் பிடிச்ச கைய நான் இன்னும் எடுக்கல, இவளுக்குக் கோழி வேணுமாம். ஆசாரி தொண்டையச் செருமுனாரு. இன்னொரு காது இருக்கு, ஒத்தக் காதோட இந்த எல்லையத் தாண்டக்கூடாதும்பாக, ஆனா நான் சொல்ல மாட்டேன், மாமன்தான் சொல்லணும்னாரு. வேணாம்ணே, போதும்ணே, வீட்டுக்குப் போயிரலாம்ணேன்னு மாரி. வேல்ச்சாமி வானத்தப் பாக்குறான். ஈஸ்வரி மட்டும் என்னயப் பாக்குறா. காலையிலருந்து இப்பத்தான் பாக்குறா. வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது, அதத்தான நான் எல்லாத்துக்கும் சொல்லிப் பழகியிருக்கேன். வேணாம்னா எல்லாரும் என்னய நல்லவம்பாக. ஒத்தக் காதோட போவா, நாளைக்கு எங்கயாச்சும் நகைக்கடையில எவன் மடியிலயாச்சும் வச்சுக் குத்துவாக, அவன் எப்பிடிப் பிடிப்பானோ. குத்துறதுக்குக் காரணம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல. கருப்பன் கோச்சுக்குவான்னு நான் நம்பல, அழகுக்குன்னும் நம்பல. வலிக்கும். வலிக்கும்னு தெரியும், மறுபடி மூச்சு நிக்குமோன்னு குலை நடுங்குது. ஆனா என் மடியில இவ இருக்கா, இது என் கை. யாரு கையிலயோ விட்டுட்டு நான் சுத்தமா ஒதுங்கி நிக்கிறது இனிமே முடியாது.

குத்துங்கன்னேன். அண்ணேன்னா மாரி. நான் அவளப் பாக்கல. மிதுனாவத் திருப்பி, குத்துன காது மேல படாம என் நெஞ்சோட சேத்து, கை ரெண்டையும் கக்கத்துக்குள்ள வாங்கி, தாடைய என் உள்ளங்கையில ஏந்தி, நெத்திய இந்தப் பக்கம் அணைச்சு இறுக்குனேன். அப்பிடி இறுக்குனேன். என் பலம் பூராவும் குடுத்து, எலும்பு நோகாம. இடிஞ்ச செவுத்துக்கு அடியிலருந்து ஆளத் தூக்குறப்ப பிடிக்கிற பிடி அது, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. திமிறுறா, என் நெஞ்சத் தலையால முட்டுறா, விடல. அதே கட்டைவிரலு, அதே உச்சிக்குப் பக்கத்துல, துடிக்கிறது தெரியுது. ஆசாரி குனிஞ்சாரு. ஒரே குத்து, சரியாப் புள்ளியில. வீல்னா. மூச்சு நிக்கல, அடுத்த கத்து வந்திருச்சு, அதுக்கடுத்ததும் வந்திருச்சு, என் நெஞ்சுக்குள்ளேயே எறங்குது. அந்தக் கத்தலுக்கு மேலதான் சொன்னேன், ஈஸ்வரி, நீ எங்கயும் போக வேணாம், பெத்துக்குவோம். என்னதுன்னா அவ. காதுல விழல. பெத்துக்குவோம்னேன், தப்புன்னுதான் எனக்கு இன்னமும் தோணுது, இருந்தாலும் பெத்துக்குவோம். கத்திட்டேன் போல. கெடா உரிச்சுக்கிட்டிருந்தவன் கத்திய நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறான், வேல்ச்சாமி தொறந்த வாய மூடல, பொம்பளைக கூட்டத்துல யாரோ கமுக்கமாச் சிரிக்கிறாக. ஈஸ்வரி சிரிக்கல, அழுகவும் இல்ல. கிட்ட வந்து முட்டி போட்டு ஒக்காந்து, பிள்ளை மண்டையில இருந்த என் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சா. குத்தி முடிஞ்சு நேரமாச்சுங்க, விடுங்க, பிள்ளைக்கு வலிக்கும்னா.